தலையாட்டியிருந்தால் போதும்

ஹசிந்தோவின் மக்காச்சோளத்தை வெட்டிச் சாய்க்கச் சொல்லிப் பட்டாளத்தின் உத்தரவு. வெட்ட வேண்டியவன் காஸ்பார்.

கதிர் இப்போதுதான் பால் பிடித்திருந்தது. ஹசிந்தோ விதைத்த கையோடு, மழைக்கு முன்பே பெண்டாட்டி பிள்ளைகளோடு மலைக்கு ஓடிவிட்டான். ஓடியவனுடைய சோளக்காடு, மலையில் துப்பாக்கி வைத்திருக்கும் கலகக்காரனுக்குச் சோறு போடும் என்று பட்டாளம் நினைத்தது. ஊரில் மிச்சமிருந்த ஆண்களுக்கெல்லாம் ஊர்க்காவல் என்று பேர் வைத்து, இந்த மாதிரி வேலைகளை வாங்கினார்கள். மாட்டேன் என்றவனும் அவர்கள் கணக்கில் மலைக்காரன்தான். காஸ்பாருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள்.

அரிவாளை ஓங்கும் முன்னால் அவன் ஓட்டுச்சில்லில் கங்கு வைத்துச் சாம்பிராணி தூவினான். மன்னிப்புக் கேட்காமல் சோளத்தில் கத்தி வைக்கிறவன் அந்தப் பக்கத்தில் யாரும் கிடையாது. முதல் கதிர் ஒடிக்கவே அப்படி. பச்சையில் வெட்டிப் போடுவதற்கு என்ன சொல்லிக் கேட்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. வெறுமனே முனகினான்.

மரத்தடியில் படுத்திருந்த கார்ப்பரல் சிரித்தான். "என்னடா, சோளத்துக்குப் பூசையா? அப்படியே ஒப்பாரியும் வச்சிரு."

"வழக்கங்க ஐயா."

"வழக்கமாம்! சீக்கிரம் வெட்டுடா. மத்தியானம் லாரி வந்துரும்."

காற்று இல்லை. புகை நூல் பிடித்தது போல மேலே போனது. அது மலையில் இருப்பவர்கள் கண்ணில் படும் என்று காஸ்பாருக்குத் தோன்றவே இல்லை.

கொஞ்சம் சாய்த்திருப்பான். தட்டைகளுக்குள் சலசலப்பு கேட்டது. விலக்கிக்கொண்டு வந்து நின்றாள் தொமாசா, ஹசிந்தோவின் பெண்டாட்டி. இடுப்பில் வெறுங்கூடை. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அந்த முகத்தில் அவ்வளவு சிரிப்பு.

"புகையைப் பார்த்ததுமே தெரிஞ்சிட்டுது கொம்பாத்ரே. எங்க காட்டுல எங்களுக்காக முதல் கதிர் ஒடிக்க உங்களை விட்டா யாரு வருவா? அவரு போகாத போகாதன்னாரு. புள்ளைங்க வேரைத் தோண்டித் தின்னுதுங்க..."

அப்போதுதான் தரையில் கிடந்த தட்டைகளைப் பார்த்தாள். அவனுக்குப் பின்னால் எழுந்து வந்த கார்ப்பரலையும் பார்த்தாள்.

அவர்கள் ஊர்ப் பேச்சு கார்ப்பரலுக்குப் புரியாது. அவன் தன் பாஷையில் கேட்டான். "யாருடா இவ? உன் பொண்டாட்டியா? சோறு கொண்டாந்தாளா?"

ஊர்க்காவல்காரர்களுக்குப் பெண்டாட்டிமார் சோள ரொட்டி கொண்டுவருவது தினப்படி நடக்கிறதுதான். காஸ்பார் தலையாட்டியிருந்தால் போதும்.

தொமாசா கெட்டிக்காரி. சால்வையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு அவன் பக்கத்தில் வந்து நின்றாள். "ஆமாங்க ஐயா. இவரு வீட்டுக்காரி நான்," என்றாள், கார்ப்பரலின் பாஷையிலேயே.

காஸ்பாரின் மூத்த பிள்ளையைக் கோயிலில் ஞானத் தாயாகக் கையில் ஏந்தியவள் அவள். அன்றிலிருந்து அவளுக்கு அவன் கொம்பாத்ரே, அவனுக்கு அவள் கொம்மாத்ரே, கூடப் பிறந்தவளுக்கும் மேல். அவள் எதிரே குடித்துவிட்டு நிற்கக் கூடாது. வாய் தவறி ஒரு கெட்ட வார்த்தை வரக் கூடாது. அவள் வாயால் பெண்டாட்டி என்று கேட்டதும் அவனுக்கு உடம்பு கூசிப்போய்விட்டது. ஒரு முழம் தள்ளி நின்றான்.

"ஐயையோ, கொம்மாத்ரே! என்ன பேச்சு இது!"

அந்த ஒரு சொல் கார்ப்பரலுக்கும் தெரிந்த சொல்.

"ஓ, கொம்மாத்ரேவா?" என்றான் கார்ப்பரல். "அப்ப அந்தக் கொம்பாத்ரே, உன் புருஷன், எங்கடி இருக்கான்?"

அவள் காஸ்பாரைத்தான் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. பாலைக் கொட்டிவிட்ட பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தாள். லாரி வந்ததும் அவளை ஏற்றினார்கள். மீதியையும் வெட்டச் சொன்னார்கள். வெட்டினான், ஒரு தட்டை விடாமல். போகும்போது கார்ப்பரல் ஒரு சிகரெட் நீட்டினான். அதையும் வாங்கிக்கொண்டான்.

வீட்டில் பெத்ரோனா சோளம் அரைத்துக்கொண்டிருந்தாள். புருஷன் சொல்லச் சொல்ல அவள் கை நின்றது.

"அவளே சொல்லியிருக்கா. உனக்கு வாயை மூடிட்டு நிக்கத் தெரியலையா?"

"கொம்மாத்ரே இல்லையா பெத்ரோனா? பாவம் இல்லையா அது?"

"அந்தப் பாவத்தை நான் சுமந்திருப்பேனே. நீ என்ன பெரிய மானஸ்தனா? அவ காட்டையே வெட்டிட்டு வந்து நிக்கிற!" கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "நட. ரெண்டு பொண்டாட்டிக்காரன்னு போய்ச் சொல்லு. நான் சக்களத்தின்னு சொல்றேன்."

பட்டாளம் கோயிலில்தான் தங்கியிருந்தது. வாசலில் நின்ற காவல்காரன் எதிரே காஸ்பார் தொப்பியைக் கழற்றினான்.

"லாரியில ஏத்தினாங்களே ஒரு பொம்பளை, அது என் பொண்டாட்டிங்க."

உப்பு இருக்கிறதா என்று கேட்பது போல அவ்வளவு சுலபமாக வந்தது.

"அப்ப இது யாரு?"

"நான் மூத்தவ," என்றாள் பெத்ரோனா.

காவல்காரன் உள்ளே திரும்பிக் கத்தினான். "டேய், இங்க வந்து பாருங்கடா! இந்தச் சோணிக்கு ரெண்டாம்!" நாலைந்து பேர் வந்து பார்த்துச் சிரித்தார்கள். காவல்காரன் சிரிப்பில் நனைந்த கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "லாரி குவாத்தமாலா நகரத்துக்கு அப்பவே போயிருச்சு. ஒண்ணு போனா என்ன, இன்னொண்ணு இருக்குல்ல? போ, போ."

அங்கே போனவர்கள் யாரும் திரும்பியதில்லை.

காஸ்பார் நகரவில்லை. "என் பொண்டாட்டிங்க," என்றான் மறுபடியும். சிரித்தவர்கள் உள்ளே போய்விட்டார்கள். காவல்காரன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். "என் பொண்டாட்டிதாங்க ஐயா அது."

பெத்ரோனா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"போதும் வா. இப்ப யாருக்குச் சொல்ற?"