நோயாளிகளின் பிரதிநிதி

சென்னையிலிருந்து இரண்டு நாள் பயிற்சி கொடுக்க வந்தவர்கள் பலகையில் 'மக்கள் பங்கேற்பு' என்று பெரிதாக எழுதினார்கள். அதன் கீழே 'சக நோயாளி ஆதரவு'. மதியம் பிரியாணிப் பொட்டலம் கொடுத்தார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருடமாக நர்ஸாக இருக்கிறேன். இப்படி வந்துபோன திட்டங்களை எண்ண விரல் போதாது. ஆனால் இந்தத் தடவை, என் கேடுகாலம், நம்பிவிட்டேன்.

காரணம் பொன்மணி. தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் தீப்பிடித்து, எங்கள் தீக்காய வார்டில் நான்கு மாதம் கிடந்து பிழைத்தவள். கழுத்துத் தோல் சுருங்கி மோவாயைக் கீழே இழுத்துப் பிடித்திருக்கும். திட்டத்தில் அவளைச் சேர்த்தவள் நான்தான். வாரம் மூன்று நாள் பஸ் ஏறி வந்து, புதிதாக வெந்து வந்தவர்கள் பக்கத்தில் உட்காருவாள். "சின்னக் காயம்தான், சரியாப்போகும்" என்று நாங்கள் வாய் கூசாமல் புளுகுவோம். அவள் புளுக மாட்டாள். "வலி தாங்க முடியாதுதான். நானும் இந்தக் கட்டில்லதான் கெடந்தேன்" என்பாள்.

தீபாவளி சீசனில் விஸ்வநத்தத்திலிருந்து ரோஜாவைக் கொண்டுவந்தார்கள். பத்தொன்பது வயது. உடம்பில் நாற்பது சதவீதம் வெந்திருந்தது. தினமும் காலை பத்து மணிக்குக் கட்டு மாற்றியாக வேண்டும். மாற்றாவிட்டால் சீழ் பிடிக்கும், சீழ் பிடித்தால் ஆள் தேறாது. மூன்றாம் நாள் அவள் என்னைத் தொடவே விடவில்லை. பொன்மணி தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

"நான் ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுறேன். நீ எம்புட்டு வேணாலும் கத்து. அசையாத, என்ன?"

முந்நூறு வரை எண்ணினாள். கட்டு முடிந்தது. அன்றிலிருந்து பொன்மணி ரோஜாவுக்காகத் தினமும் வந்தாள்.

அந்த மாதக் கடைசியில் முதல் பங்கேற்புக் கூட்டம். நோயாளிகளின் பிரதிநிதி பொன்மணி. "கேட்டா உள்ளதச் சொல்லு. அதுக்குத்தான் கூப்பிடுறாக" என்று தைரியம் சொல்லி அழைத்துப்போனவளும் நானே.

தலைமை மருத்துவர் சிரித்த முகமாகக் கேட்டார். "சொல்லும்மா, ஏதும் குறை இருக்கா?"

"மாசம் இருபது தேதிக்கு மேல வலி ஊசி இருக்கிறதில்லைங்கய்யா. ஊசி போடாமத்தான் கட்ட உரிக்காக. அந்த ஊசிய மட்டும் வாங்கிக் குடுத்துருங்க. வேற ஒண்ணும் வேணாம்."

கூட்டத்தைப் பார்க்க வந்திருந்த சென்னைக்காரர் குறித்துக்கொள்ளப் பேனாவைத் திறந்தார். தலைமை மருத்துவரின் முகம் சுண்டிப்போயிற்று. என் பக்கம் திரும்பினார். "ஊசி இருக்குல்ல ஞானசுந்தரி சிஸ்டர்?"

என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு. அந்த வருடம் எனக்கு இடமாற்றம் வந்தால் அவள் படிப்பு என்னாவது? இப்படி எதையாவது சொல்லித்தான் மனசைத் தேற்றிக்கொள்கிறேன். "இருக்கு சார்" என்றேன்.

பொன்மணிக்குக் கழுத்து திரும்பாது. நாற்காலியில் உடம்போடு திரும்பி என்னைப் பார்த்தாள்.

மறுநாள் வார்டு கதவில் அறிவிப்பு ஒட்டினார்கள். நோய்த்தொற்று அபாயமாம், ஊழியர்கள் தவிர யாரும் உள்ளே வரக்கூடாதாம். ரோஜாவின் அம்மா மாரித்தாயையும் வெளியே அனுப்பினார்கள். அனுமதிச் சீட்டு கேட்ட பொன்மணியை நாளைக்கு வா, நாளைக்கு வா என்று அலைக்கழித்தார்கள். அவளும் சளைக்காமல் பத்து மணிக்கு கேட்டில் வந்து நின்றாள். பின்வாசல் வழியாக நான் கூட்டிவந்திருக்கலாம். செய்யவில்லை. பயந்தாங்கொள்ளி நான்.

"அக்கா எங்க?" என்றாள் ரோஜா.

"வருவா. இன்னைக்கு நான் எண்ணுறேன்."

"நீங்க வெந்திருக்கீகளா சிஸ்டர்?"

"இல்ல."

"அப்பப் போங்க."

அதற்குப்பிறகு நான்கு பேர் அமுக்கிப் பிடித்துத்தான் கட்டு மாற்றினோம். பாதி நாள் அதுவும் முடியவில்லை. ஒரு வாரத்தில் காய்ச்சல் கண்டது. வார்டுக்குள் நுழைந்தாலே வாடை தெரிந்தது.

இரண்டாவது கூட்டத்தில் பிரதிநிதியின் நாற்காலி காலியாக இருந்தது. "சிஸ்டரே உக்காரட்டும். நோயாளிங்க மனசு அவங்களுக்குத்தான் தெரியும்" என்றார் தலைமை மருத்துவர். உட்கார்ந்தேன். டீ வந்தது. போன கூட்டத்தின் அறிக்கையை வாசித்தார்கள். நோயாளிகள் தரப்பில் குறை ஏதுமில்லை என்றிருந்தது. கையெழுத்துக்காக நோட்டு என் முன்னால் வந்தபோது ஆயா வீரலட்சுமி வாசலில் நின்று கையை அசைத்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் எழுந்தேன்.

"கஞ்சி வாங்கிட்டு வாரதுக்குள்ள போயிருச்சு சிஸ்டர்" என்று அழுதாள் வீரலட்சுமி.

கேட்டில் மாரித்தாய் தரையில் புரண்டுகொண்டிருந்தாள். அவளைப் பிடித்திருந்த பொன்மணி என்னை நிமிர்ந்து பார்க்க முடியாமல் கண்ணை மட்டும் உயர்த்தினாள்.

"கடைசில பக்கத்துல யாரு இருந்தா சிஸ்டர்?"

"நான்தான் இருந்தேன்" என்றேன்.