அவர் வருவதற்குள்

தொழிற்சாலை கேன்டீனில் தினமும் நானூறு பேருக்குச் சமைத்துப் போடுகிற மாஸ்டருக்கு, வீட்டில் ஒரே ஒருத்தியைச் சாப்பிட வைக்க முடியவில்லை. மனைவிக்கு வயிற்றில் புற்று. நோய்க்கு இனி மருந்தில்லை, வலியும் குமட்டலும் இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியாகிவிட்டது. மாஸ்டருக்கு அது காதில் ஏறவே இல்லை. நாலு வாய் சாப்பிட்டால் தேறிவிடுவாள் என்பது அவர் கட்சி. முப்பது வருடம் அடுப்போடு மல்லுக்கட்டியவருக்கு வேறென்ன கட்சி இருக்கும்?

சாயங்காலம் ஐந்தரைக்கு, டிபன் கேரியரும் கையுமாக, வேலை உடுப்போடு நேரே கட்டிலுக்கு வந்துவிடுவார். சூப் ஆறிவிடக் கூடாதே. ருசி போதவில்லை போல என்று ஒரு வாரம் பூண்டைக் கூட்டினார். அடுத்த வாரம் வெங்காயத்தைச் சிவக்கச் சிவக்க வதக்கி, மிளகைத் தூக்கலாகப் போட்டார். அவர் முகத்துக்காக அவள் ஒரு கரண்டி வாங்குவாள், சிரிப்பாள். அடுத்த நிமிஷம் வாந்திக்கு மகள் பேசினைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். உப்பு கூடிவிட்டது என்று மாஸ்டர் தன்னையே திட்டிக்கொள்வார்.

வாரம் இரண்டு முறை வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் ஒரு நோட்டு கொடுத்திருந்தார். எப்போது என்ன கொடுத்தோம், எப்போது வாந்தி வந்தது என்று மகள் அதில் எழுதி வைப்பாள். ஒரு நாள் மாத்திரைச் சீட்டைத் தேடப் போன மாஸ்டர் கையில் அது அகப்பட்டது. காலையில் ஐஸ் துண்டு, தங்கியது. மதியம் இரண்டு ஸ்பூன் தயிர், தங்கியது. ஐந்தே முக்காலுக்கு வாந்தி. பக்கத்துக்குப் பக்கம் இதே கதைதான். ஒரே ஒரு நாள் மட்டும் இரவு எட்டே காலுக்கு. அன்றைக்குத்தான் அவர் ஓவர்டைம் பார்த்துவிட்டு எட்டு மணிக்கு வந்தார்.

அடுத்த முறை நர்ஸ் வந்தபோது, மாஸ்டர் வாசலிலேயே நிறுத்தி நோட்டை நீட்டினார். நர்ஸ் சுற்றி வளைக்கவில்லை.

"வாசனைதான் மாஸ்டர். எண்ணெய், பூண்டு, எல்லாம் உங்க துணியில, முடியில ஊறிப்போயிருக்கு. உங்களுக்குத் தெரியாது. ஆனா அவங்க வயிறு தாங்காது."

"அவ ஒரு வார்த்தை சொல்லலையே?"

"சொல்லக்கூடாதுன்னு என்கிட்டயும் உங்க பொண்ணுகிட்டயும் சத்தியம் வாங்கிட்டாங்க. இன்னொண்ணு கேளுங்க. சாப்பிடாததால நோய் முத்தல. நோய் முத்தினதால சாப்பிட முடியல. வற்புறுத்தாதீங்க. வாய் நனைஞ்சா போதும்."

மாஸ்டர் வாசற்படியில் உட்கார்ந்து, தன் சட்டைக் கையை முகர்ந்து பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. சமையலில் எது கருகினாலும் பத்தடி தள்ளியே கண்டுபிடிக்கிற மூக்கு, இந்த விஷயத்தில் அவரைக் கைவிட்டுவிட்டது.

மறுநாள் கேன்டீனுக்கு லீவு சொன்னார். தலையை மொட்டையடித்து, முப்பது வருட மீசையையும் எடுத்தார். வாசனை சோப்பு வேண்டாம் என்று நர்ஸ் சொல்லியிருந்ததால், வெறும் தண்ணீரில் மூன்று முறை தேய்த்துக் குளித்தார். மடிப்புக் கலையாத புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டார். சாயங்காலம் ஐந்து மணி தாண்டியதும், மகள் வழக்கம் போல வெளிச்சம் கூசாமலிருக்க அம்மாவின் கண்மேல் ஈரத்துணியைப் போட்டுவிட்டு, ஐஸ் கிண்ணத்தை அவர் கையில் கொடுத்துவிட்டுச் சத்தம் காட்டாமல் மருந்துக்கடைக்குப் போனாள்.

மாஸ்டர் ஒரு சிறு துண்டை ஸ்பூனில் எடுத்து மனைவியின் உதட்டில் வைத்தார். அவள் வாங்கிக்கொண்டாள். நான்தான் என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"மணி என்னடி? அப்பா வர்றதுக்குள்ள இன்னொரு துண்டு குடு. அவர் வந்தா எதுவும் தங்காது."

மாஸ்டர் இன்னொரு துண்டு எடுத்துக் கொடுத்தார்.

"அவருக்கு மட்டும் தெரியவே கூடாது. தெரிஞ்சா அந்த மனுஷன் அடுப்பையே வெறுத்துருவாரு. நான் போனப்புறம் அவருக்கு வேற என்ன இருக்கு?"

மூன்றாவது துண்டும் இறங்கியது. ஐந்தே முக்கால் தாண்டியது. வாந்தி இல்லை. இத்தனை வாரத்தில் அவர் கையால் கொடுத்தது அவளுக்குத் தங்கியது இன்றுதான். அதைச் சொல்லிக்கொள்ள அவருக்கு வழியில்லை. சத்தமில்லாமல் அழுதார்.

ஆறு மணியானது. அவள் தலையை வாசல் பக்கம் திருப்பினாள். "இன்னும் காணோமேடி. இவ்வளவு நேரம் ஆகாதே. போன் போட்டுப் பாரு" என்றாள். குரலில் பயம் இருந்தது.

மாஸ்டர் கிண்ணத்தை வைத்துவிட்டு மெல்ல எழுந்தார். வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு, எப்போதும் போலத் தடதடவென்று உள்ளே வந்து, அறை வாசலிலேயே நின்றுகொண்டார்.

"வந்துட்டேன்மா."

துணிக்குக் கீழே அவள் முகம் மலர்ந்தது. வாங்க என்றாள். சொல்லிக்கொண்டே கையை நீட்டிக் கட்டிலோரம் பேசினைத் துழாவினாள்.