ஒரு மனைவிக்கான இடம்

"வீட்டுக்காரர் எங்க வேலை பார்க்கறாரு?" என்று இலவச மருத்துவமனையின் உதவி மேசைப் பெண் கேட்டபோது இஸ்திரிக்காரிக்குச் சுருக்கென்றது. அந்தக் கேள்வி வராமலே போய்விடும் என்று நம்பியிருந்தாள். இதயத்தில் வால்வு சுருங்கிவிட்டது, சீக்கிரம் மாற்றியாக வேண்டும், அந்த வசதி இங்கே இல்லை, வெளியேதான் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து இந்தப் பெண்தான் அவளுக்காக எங்கெங்கோ போன் போட்டுக்கொண்டிருந்தாள். அரசாங்கத் திட்டத்தில் சேர அவள் சம்பளம் ஒரு நூலிழை அதிகம். தனியார் காப்பீட்டுக்காரர்கள் வியாதியோடு வருகிறவர்களை வாசலோடு அனுப்பிவிட்டார்கள். சலவைக்கடை முதலாளி நல்ல மனுஷன். பழம் வாங்கிக் கொடுத்தார்.

"பஸ் கம்பெனியில டிரைவர். ஆனா பிரிஞ்சிட்டோம். விவாகரத்து கேஸ் நடக்குது, அடுத்த மாசம் தீர்ப்பு."

மேசைப் பெண்ணின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப இன்னைக்கு வரைக்கும் நீங்க அவரு சம்சாரம்தானே! கம்பெனி இன்சூரன்ஸ் கார்டுல உங்களுக்கும் பார்த்துடலாம். ஆபரேஷனுக்கு நாள் கிடைக்கத்தான் நாலஞ்சு மாசம் ஆகும். அதுவரைக்கும் கேஸைத் தள்ளிப்போடச் சொல்லுங்க."

'செத்தாலும் அவன் வாசலை மிதிக்க மாட்டேன்' என்று ஒரு காலத்தில் தெருவே கேட்கச் சொன்னவள் அவள். சாவு நிஜமாகவே பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டதும் அந்தப் பேச்சுக்கு எடை இல்லாமல் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை கிளம்பிப் போனாள். சண்டைக்குத் தேவையான வார்த்தைகளையெல்லாம் வழிநெடுக மடித்து அடுக்கிக்கொண்டே போனாள்.

கதவைத் திறந்தது அவன் இப்போது சேர்ந்து வாழும் பெண். இப்படி ஒருத்தி இருப்பது தெரியும். வாயும் வயிறுமாக இருப்பது தெரியாது. வாயில் தயாராக இருந்த முதல் வார்த்தை அப்படியே உள்ளே போய்விட்டது. "உள்ள வாங்கக்கா," என்று அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். டம்ளரில் தண்ணீர் வந்தது. அவன் எதிரே வந்து நின்றான். தலை பாதி நரைத்திருந்தது.

"என்ன இவ்வளவு தூரம்?"

நீ என்பதா, நீங்க என்பதா என்று பிடிபடாமல் இரண்டையும் விட்டுவிட்டுப் பேசினாள். "இதயத்துல ஆபரேஷன் பண்ணணுமாம். கார்டு இருந்தாத்தான் நடக்கும். புருஷன் வேணும்னு வரல, கார்டு மட்டும் போதும். முடிஞ்ச மறுநாளே எங்க கையெழுத்துப் போடணுமோ போட்டுடறேன்."

அவன் தரையைப் பார்த்தான். பதில் நாற்காலிக்குப் பின்னாலிருந்து வந்தது.

"எனக்கு ஏழு மாசம் அக்கா. போன தடவை குழந்தை தங்கல. ரத்தம் நிக்காம நானும் போயிருக்க வேண்டியது. இந்தத் தடவை பெரிய ஆஸ்பத்திரியிலதான் பார்க்கணும்னுட்டாங்க. தீர்ப்பு வந்ததும் கல்யாணத்தைப் பதிவு பண்ணி என் பேரைச் சேர்த்துடலாம்னு இருந்தோம். கார்டுல ஒரு சம்சாரம் பேருதான் போடலாமாம்."

அவள் குரலில் பிடுங்கிக்கொள்கிற தொனியே இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு கத்து கத்திவிட்டு, அழுதுவிட்டு, எழுந்து போயிருக்கலாம். இவளோ பயந்து போன பெண்ணாக, முந்தானை நுனியைத் திருகிக்கொண்டு, தீர்ப்புச் சொல்லப்போகிறவளைப் பார்ப்பதுபோல் இஸ்திரிக்காரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேற வழி ஏதாவது பார்த்தீங்களாக்கா?"

"எல்லாம் பார்த்தாச்சும்மா. நீ?"

"நாங்களும் பார்த்துட்டோம்."

"நான் என்ன பண்ணட்டும்?" என்றான் அவன். "நீங்களே சொல்லுங்க."

இருவரையும் சேர்த்து அவன் ஒரே வார்த்தையில் சொன்னது அதுதான் முதல் தடவை. அவன் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. கர்ப்பிணி மெல்லத் தரையில் உட்கார்ந்து, நாற்காலிக் காலில் சாய்ந்துகொண்டாள். உள்ளே அவன் அந்த ஒற்றை டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தான். கழுவி முடித்துக் குழாயை மூடினான், மறுபடி திறந்தான். வெளியே வராமல், திரும்பவும் முதலிலிருந்து கழுவ ஆரம்பித்தான்.