பிறந்த இடம்: பேசாலை

எனக்குக் கோபம் சட்டென்று வந்துவிடும். இது முகாமில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் அந்தப் பங்குனி மாதம் முழுவதும் நான் ஒரே ஒரு ஆள்மீதுதான் கோபமாக இருந்தேன். என் அம்மா சுலோசனாமீது.

மரக்காணத்துக்குத் தெற்கே, ஈசிஆர் ரோட்டு ஓரத்தில் இருக்கிறது எங்கள் இலங்கை அகதிகள் முகாம். நான் மரக்காணம் ஆஸ்பத்திரியில் பிறந்தேன். மரக்காணத்தில் பள்ளிக்கூடம் போனேன், திண்டிவனத்தில் நர்ஸிங் டிப்ளமா முடித்தேன். இருபத்தொரு வயதாகிறது, இன்னும் படகில்கூட ஏறியதில்லை. ஆனாலும் காகிதத்தில் நான் இந்தியப் பிரஜை இல்லை. இலங்கைக்காரர்களுக்கோ யுவராணி என்று ஒருத்தி இருப்பதே தெரியாது. அரசு நர்ஸ் வேலைக்கு விண்ணப்பம் போட உட்கார்ந்தால் குடியுரிமை என்ற கட்டத்தில் கை நின்றுவிடும். அதனால் அம்மாவோடு உப்பளத்துக்குக் கூடை தூக்கப் போய்க்கொண்டிருந்தேன்.

விழுப்புரத்தில் ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பற்றிக் கேட்டதைவிட அம்மாவைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்.

“அம்மா எங்க பொறந்தாங்க?”

“மண்டபம் முகாம்ல. எண்பத்தாறு, மார்ச்.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். எண்பத்தேழு ஜூலைக்கு முன்னால் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியர். அம்மா இந்தியர் என்றால், இரண்டாயிரத்து நான்கு அக்டோபரில் பிறந்த நானும் இந்தியர் என்று பொறுமையாக விளக்கினார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதேன். பக்கத்து சீட்டுக்காரம்மா யாருக்கு என்ன ஆச்சு என்று பதறிப்போய்க் கேட்டார். ஒண்ணும் ஆகலைங்க, நல்ல சேதிதான் என்றேன்.

சிக்கல் அம்மாவின் முகாம் கார்டில் இருந்தது. அதில் பிறந்த இடம் என்று பேசாலை போட்டிருக்கிறது. மன்னார்ப் பக்கத்து ஊர், தாத்தா மரியதாஸின் ஊர். அம்மா பிறந்து இரண்டு வருஷத்தில் சண்டை அடங்கியதென்று நம்பிக் குடும்பமே பேசாலைக்குத் திரும்பிப் போனது. தொண்ணூறில் மறுபடி சண்டை, மறுபடி படகு. அந்தப் படகில் யாரோ ஒருவர், இந்தியாவில் பிறந்த பிள்ளைகளைப் பிரித்துத் தனியாக வைத்துவிட்டு மற்றவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று புரளியைக் கிளப்பிவிட்டார். தாத்தா அதை நம்பிவிட்டார். கரையில் பெயர் பதிந்தபோது குடும்பத்தில் ஆறு பேருக்கும் ஒரே ஊரைச் சொன்னார். எழுதியவரும் எழுதிக்கொண்டார்.

அம்மாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தது மண்டபத்துப் பக்கத்துக் கோயிலில். நான் அங்கே கடிதம் போட்டேன், பதில் இல்லை. போன் மேல் போன் போட்டேன். ஐந்தாவது தடவை அந்தப் பங்குத்தந்தை, “அம்மாடி, உன் தொல்லை தாங்கலை, கிடைச்சிடுச்சு” என்று சிரித்தார். மண்டபம் முகாமில் பிறந்தது என்று பழைய பதிவேட்டில் தெளிவாக இருந்ததாம். முத்திரை குத்திய நகலை ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினார்.

இனி வேண்டியது ஒன்றுதான். கார்டில் இருப்பது தவறு என்று அம்மா வாயால் சொல்லி, மனுவில் கையெழுத்துப் போட வேண்டும். அது இல்லாவிட்டால் கார்டுதான் நிற்கும் என்று வக்கீலம்மா சொல்லியிருந்தார்.

அம்மா மாட்டேன் என்றாள்.

நான் விடவில்லை. உப்பளத்தில் பாத்திகளுக்கு நடுவே வரப்பில் அவள் முன்னால் போக, பின்னாலேயே கூடையைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டே போனேன்.

“ஏம்மா, ஒரு கையெழுத்து. அவ்ளோதானே?”

“பொய் சொன்னம் எண்டு நாமளே எழுதிக் குடுக்கிறதா? கார்டைப் பறிச்சா வீடு போச்சு பிள்ளை. எங்க போய் நிக்கிறது?”

“பறிக்க மாட்டாங்க. வக்கீலம்மா இருக்காங்க.”

“எங்க அப்பாவைப் பொய்யன் எண்டு நான் எழுத மாட்டன்.”

“அவர் சொன்னது பொய்தானே?”

“எங்களைப் பிரிச்சிடக் கூடாதெண்டு சொன்னவர்.”

“சரி. இப்ப அந்தப் பொய்தான் என் தலையில கூடையா ஒக்காந்திருக்குது.”

அம்மா குவியலில் உப்பைக் கொட்டிவிட்டு என்னைப் பார்க்காமலே திரும்பிப் போனாள். சொன்ன உடனேயே எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னதைத் திருப்பி வாங்கிக்கொள்ள மனசு வரவில்லை.

அன்றைக்குப் பதினோரு மணி வாக்கில் எங்களோடு வேலை பார்க்கும் பச்சமுத்து அண்ணன் காலில் கண்ணாடிச் சில்லு ஏறிவிட்டது. உப்புத் தண்ணீரில் நின்ற கால், ரத்தம் நிற்கவே இல்லை. மேஸ்திரி தட்சணாமூர்த்தி, “நர்ஸம்மா, இங்க வா” என்று குரல் கொடுத்தார். எப்போதும் கேலிக்குக் கூப்பிடும் பெயர், அன்றைக்கு அதில் கேலி இல்லை. நான் குடிதண்ணீரை ஊற்றிக் கழுவி, சில்லை எடுத்து, என் பையில் இருந்த துணியால் அழுத்திக் கட்டினேன். தையல் போட வேண்டும், ஊசியும் போட வேண்டும் என்று சொல்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன்.

“இந்தக் கைய வெச்சிக்கினு ஏம்மா இங்க வந்து சீரழியற?” என்றார் மேஸ்திரி.

“எங்க அம்மாவைக் கேளுங்க” என்றேன்.

அம்மா நான்கு அடி தள்ளித்தான் நின்றிருந்தாள். காதில் விழாத மாதிரி முந்தானையைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டாள்.

எங்கள் முகாமில் மாதம் இரண்டு தடவை தலை எண்ணுவார்கள். செக்கிங் என்போம். வருவாய்த்துறை அதிகாரி வந்து குடும்பம் குடும்பமாகப் பெயர் கூப்பிடுவார். கூப்பிட்ட உடனே ‘இருக்கேன் ஐயா’ என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் ஆள் வராமல் போனால் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள். அம்மா முப்பத்தைந்து வருஷமாக அந்த இரண்டு வார்த்தைக்கு மேல் அங்கே பேசியதில்லை.

செக்கிங்குக்கு முந்தின நாள் நான் அவளிடம் சொல்லிவிட்டேன். “நாளைக்கு மனுவைக் குடுக்கப் போறேன். உன் கையெழுத்து இல்லன்னாலும் குடுப்பேன். வாங்க மாட்டேன்னா அடுத்த செக்கிங்ல குடுப்பேன். அதுக்கு அடுத்ததுலயும் குடுப்பேன்.” அம்மா அடுப்பைப் பார்த்தபடி, “உன்ர இஷ்டம்” என்றாள்.

மறுநாள் காலை சமுதாயக் கூடத்தில் வரிசை. அதிகாரி புதிதாக மாற்றலாகி வந்தவர். கெட்ட மனிதர் இல்லை. வேலை சீக்கிரம் முடிய வேண்டும் அவருக்கு. எல்லோருடைய விவரத்தையும் லேப்டாப்பில் ஏற்றிப் புதுக் கார்டு தரப்போவதாகச் சொன்னார்.

“சுலோசனா, தகப்பன் பேர் மரியதாஸ்.”

“இருக்கேன் ஐயா.”

“யுவராணி.”

“இருக்கேன் சார். ஒரு மனு குடுக்கணும்.”

“இரும்மா, இத முடிச்சிட்டு.” கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். “உனக்குப் பொறந்த இடம் காலியா இருக்குது. குடும்பத்துல எல்லாருக்கும் பேசாலைதானே? உனக்கும் அதையே போட்டுர்றேன். ஒரே மாதிரி இருந்தா பின்னாடி குழப்பம் வராது.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தேன். அதற்குள் என் தோளுக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

“போடாதீங்க ஐயா.”

அதிகாரி நிமிர்ந்தார்.

“அவ மரக்காணம் ஆஸ்பத்திரியில பிறந்தவ. பேசாலை எந்தப் பக்கம் எண்டுகூட அவளுக்குத் தெரியாது.” அம்மா என்னைத் தாண்டி மேசைக்கு முன்னால் வந்தாள். “எனக்குப் போட்டிருக்கிறதும் தப்பு. நான் மண்டபத்துல பிறந்தவ. எங்களைப் பிரிச்சிடுவாங்க எண்டு பயந்து எங்க அப்பா எழுத வெச்சது. அது என்னோட போகட்டும். என் பிள்ளைக்கும் அதையே எழுதாதீங்க.”

பிறகு என் பக்கம் கையை நீட்டினாள். “எங்க போட வேணும்?”

நான் மனுவை எடுத்து மேசையில் விரித்தேன். அம்மா குனிந்து, சு, லோ, ச, னா என்று ஒவ்வொரு எழுத்தாகப் போட்டாள். ஞானஸ்நான நகலை நான் பக்கத்தில் வைத்தேன். அதிகாரி இரண்டையும் படித்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

“ஏம்மா, புரிஞ்சுதான் போட்டீங்களா? நான் இத மேல அனுப்பணும். பொய்த் தகவல் குடுத்ததா உங்கமேல நோட்டீஸ் வந்தாலும் வரும்.”

“வரட்டும் ஐயா” என்றாள் அம்மா. “அதுலயாவது பிறந்த இடத்தைச் சரியா எழுதச் சொல்லுங்க.”

அவர் மனுவில் தேதி போட்டு, பெற்றுக்கொண்டேன் என்று எழுதி, நகலில் முத்திரை குத்திக் கொடுத்தார். என் கட்டத்தில் மரக்காணம் என்று அடித்தார். அம்மாவின் கட்டத்தை இப்போதைக்குத் தொட முடியாது என்றார். தெரியும் சார் என்றேன்.

கூடத்தை விட்டு வெளியே வந்ததும் அம்மாவைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அவள் அதற்கெல்லாம் இடம் கொடுக்கிற ஆள் இல்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, “பஸ் போயிடும், வா” என்று ரோட்டைப் பார்த்து நடந்தாள். நாங்கள் உப்பளத்துக்குப் போனோம். ஒன்றரை மணி நேரம் தாமதம். மேஸ்திரி எங்கே போய்த் தொலைந்தீர்கள் என்று கேட்டார்.

“செக்கிங்” என்றாள் அம்மா. “என் பிள்ளையை மரக்காணத்துக் கணக்குல எண்ணிட்டாங்க. இனி நான் பாக்கி.”