ஐந்தாம் மீட்டர் நகரவில்லை

விடியும் முன்பே துரு நீக்கும் அமிலத் தொட்டிகளுக்குள் இரும்புக் குழாய்கள் இறங்கத் தொடங்கிவிட்டன. சங்கிலி இழுக்கும் தோள்கள் ஆவியில் நனைந்து பளபளத்தன. தொண்டையில் ஊசி குத்துவதுபோன்ற நெடி. ஆலையின் பதினொரு மின்மீட்டர்களையும் மணிக்கொரு தரம் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது அவள் வேலை. அதனால் எல்லாருக்கும் அவள் மீட்டரம்மா.

ஐந்தாம் மீட்டர் புகையை வெளியேற்றும் விசிறிகளுடையது. அதன் முன் நின்றாலே முதுகுக்குப் பின்னால் யாரோ இருமுவது கேட்கும். திரும்பினால் ஆளிருக்காது. ஒன்பது நாளுக்கு முன் தொட்டியோரம் சுருண்டு விழுந்து செத்த சங்கிலிக்காரர் அப்படித்தான் இருமுவார். ஆணியில் தொங்கும் அவர் கையுறைகளை யாரும் தொடவில்லை. விரல்கள் இன்னும் மடங்கியே இருந்தன.

முதலாளி அவளை அறைக்குக் கூப்பிட்டார்.

"நாளைக்குத் தொழிற்சாலை ஆய்வாளர் வர்றாரு. அவன் விழுந்த அன்னிக்கு மத்தியானம் அஞ்சாம் மீட்டர் நகரலைன்னு எழுதியிருக்கியே, அந்தப் பக்கத்தை மாத்தி எழுதிடும்மா."

"நகரலையே சார். கரண்ட் மிச்சமாகட்டும்னு நீங்கதானே ரெண்டு மணி நேரம் நிறுத்தச் சொன்னீங்க?"

"அவன் நெஞ்சுவலியில போனான். அதுக்கு விசிறி என்ன பண்ணும்?"

அன்று அந்த எண்ணை எழுதிவிட்டு, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் அடுத்த மீட்டருக்கு நகர்ந்தவள் அவள்தான். ஒன்பது நாளாகச் சோறு இறங்கவில்லை.

பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியேறினாள். குழாய்களைக் கட்டாகக் கட்டும் கூடத்தில் சங்கிலிக்காரரின் மனைவி கம்பி முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, விசிறி நின்னது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வாயைத் திறக்கல."

அக்காவின் கைகள் நின்றன. கம்பியைக் கீழே வைத்தாள்.

"எங்கிட்ட மட்டும் சொன்னா எப்படி? எல்லாருக்கும் கேக்கறாப்ல சொல்லு. வா."

தொட்டிகளுக்கு நடுவே நின்று மீட்டரம்மா அந்தப் பக்கத்தை உரக்கப் படித்தாள். ஒவ்வொரு சங்கிலியாக அசைவற்றது.

முதலாளி ஓடிவந்தார். "என்ன வேடிக்கை? வேலையைப் பாருங்க!"

"எல்லா விசிறியும் ஓடட்டும் சார். இந்தப் பக்கம் அப்படியே ஆய்வாளர் கைக்குப் போகட்டும். அப்புறம் வேலையில இறங்குறோம்" என்றார் தொட்டி மேஸ்திரி.

"ஆலையையே பூட்டிடுவேன்!"

"பூட்டுங்க. வாசல்லதான் இருப்போம்."

பூட்டினார். வெயில் ஏறிய வாசலில் நாற்பத்துமூன்று பேர் உட்கார்ந்தார்கள். ஆய்வாளர் வருவாரா, வந்தாலும் யார் பக்கம் பேசுவார் என்று ஒருவருக்கும் தெரியாது. மீட்டரம்மா கூசிப்போய்த் தனியே ஓரமாக நின்றாள்.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"கொஞ்சம் நகந்து உக்காருங்கப்பா. அவளுக்கும் இடம் வேணும்ல?"