லைட் என்ற சொல்லுக்குப் பத்து வாக்கியங்கள்

என் ஓரகத்திக்கும் எனக்கும் பேச்சு நின்று இரண்டு வருஷம். ஒரே வீடு, ஒரே அடுப்படி. போதாக்குறைக்கு ஒரே பதிப்பகம். பள்ளிக்கூட ஆங்கிலப் பயிற்சி நூலுக்கு நான் கேள்வி எழுதுகிறேன், அவள் விடை எழுதுகிறாள். கடைசி புரூஃபை அச்சுக்கு அனுப்புவதும் அவள்தான். இருப்பது ஒரே ஒரு நிரந்தர வேலை. இந்தப் புத்தகம் வந்ததும் அது யாருக்கு என்று சொல்வதாக முதலாளி சொல்லியிருந்தார். அவளுக்குக் கிடைத்துவிட்டால் வீட்டில் அவளைக் கையில் பிடிக்க முடியாது. எனக்குத்தான் வேண்டும்.

சொல்வகைப் பாடத்துக்கு 'லைட்' என்ற சொல்லை எடுத்தேன். விளக்கை அணை என்றால் பெயர்ச்சொல், அடுப்பைப் பற்றவை என்றால் வினைச்சொல், பை கனமில்லை என்றால் பெயரடை. இப்படிப் பத்து வாக்கியம். அவளும் விடை எழுதி முடித்துவிட்டாள். புரூஃப் வந்த பிறகு பார்த்தால், முதல் நான்கும் பெயர்ச்சொல்லாகவே வரிசையாக நிற்கின்றன. எந்தப் பிள்ளையும் கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடும். வரிசையைக் கலைத்து மாற்றினேன்.

மாற்றினால் விடை எழுதுகிறவரிடம் நேரில் சொல்ல வேண்டும். அது எங்கள் அலுவலக வழக்கம். அவளிடம் போய் நான் நிற்பதா? நடக்கிற காரியமா? கேள்விப் பக்கத்தை அவள் மறுபடி புரட்டிப் பார்க்கப்போவதில்லை. விடைக்குக் கீழே அவள் பெயர்தானே இருக்கும், மாட்டிக்கொண்டு முழிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

புத்தகம் பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்த அதே வாரம் முதலாளி எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார்.

"பத்துல ஏழு விடை தப்பு. காலையிலேர்ந்து ஸ்கூல்காரங்க போன் மேல போன். யார் வேலை இது?"

"விடை நான் எழுதலை சார்," என்றேன். சொல்லும்போது சந்தோஷமாகத்தான் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்.

அவர் அவள் பக்கம் திரும்பினார். "கடைசி புரூஃபை நீங்க பாக்கலையாம்மா?"

"பாத்தேன் சார். வரிசை மாறியிருந்தது தெரிஞ்சுது. இவ வந்து ஒரு வார்த்தை சொல்லுவான்னு மூணு நாள் அனுப்பாம வச்சிருந்தேன். சமையக்கட்டுல பக்கத்துலயே நின்னா. வாயே தொறக்கலை."

"தெரிஞ்சுமா அனுப்பினீங்க?"

"தெரிஞ்சுதான் அனுப்பினேன்."

அடிப்பாவி. மூன்று நாளும் எனக்குப் பக்கத்தில் நின்று கல்லுப்பிள்ளையார் மாதிரி காய் நறுக்கிக்கொண்டிருந்தாளே.

"நீங்க ஏம்மா சொல்லலை?" என்று முதலாளி என்னைக் கேட்டார். என்ன சொல்வது, இவள் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றா?

"ரெண்டு பேரும் நாளையிலேர்ந்து வர வேண்டாம்," என்றார்.

படிக்கட்டில் அவள் எனக்கு முன்னால் இறங்கினாள். கீழ்ப்படியில் நின்று, இரண்டு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"எனக்குப் போனா போகட்டும். உனக்குக் கிடைக்கலையில்ல, அது போதும்."

முந்திக்கொண்டாள். நான் அவளிடம் சொல்ல வைத்திருந்ததும் அதே வார்த்தைதான்.