பல்லுக்காரர் வீட்டில் மூன்று பல்

பதினேழு நாளும் நாலு மணி நேரமும். பல்லுக்காரரின் மனைவி வாய்விட்டுச் சிரித்து அத்தனை நேரம் ஆகியிருந்தது. நிமிடக் கணக்குகூட அவரிடம் இருந்தது. பிளாஸ்டர் இறுக எத்தனை நிமிடம், மெழுகு ஆற எத்தனை நிமிடம் என்று இருபத்தாறு வருடமாகக் கடிகாரத்தோடு குடித்தனம் நடத்துகிறவர். டாக்டர்கள் வாயில் எடுத்து அனுப்பும் அச்சை வைத்துப் பல்செட் செய்வது அவர் தொழில்.

மனைவிக்கு டிரைவிங் ஸ்கூலில் வேலை. முதல் பாடத்துக்கு வந்த ஒரு வங்கி மேனேஜர், கீழே விழுந்த பேனாவை எடுக்க அவள் பெல்ட்டைக் கழற்றிக் குனிந்த அதே நொடியில், கிளட்ச் என்று நினைத்துப் பிரேக்கை மிதித்துவிட்டார். மேல்வரிசையில் முன்பல் மூன்று போயின.

"முதல் பாடத்திலயே பிரேக் பிடிக்கக் கத்துக்கிட்டார், கெட்டிக்காரர்!" என்று ரத்தத்தைத் துடைத்தபடியே சிரித்தாளாம். அதுதான் கடைசி. பிறகு பேசுவது, கொட்டாவி விடுவது எல்லாமே கையால் வாயைப் பொத்திக்கொண்டுதான்.

அவள் சிரித்தால் மூன்றாவது வீட்டுக்காரர் என்ன விசேஷம் என்று எட்டிப் பார்ப்பார். இப்போது வீட்டில் பிரிட்ஜ் ஓடும் சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்பு திரும்பி வந்தால் போதும் பல்லுக்காரருக்கு. அதைக் கொண்டுவரும் வித்தை அவர் கையிலேயே இருந்தது. அவள்தான் வேண்டாம் என்றாள்.

"ரெண்டு நாள் வேலைம்மா. பழைய மாதிரி ஆயிடுவே."

"வேண்டாங்க. நான் ஸ்க்ரூ பல்லே வச்சுக்கறேன்."

"எலும்புல ஓட்டை போட்டு இறக்குவாங்க. அது எலும்போட ஒட்ட நாலு மாசம் ஆகும், தெரியுமா?"

"ஆகட்டும். பொத்திக்கிட்டே ஓட்டிடறேன்."

"ஒரு கையால வாயைப் பொத்திக்கிட்டுக் கார் ஓட்டுவியா?"

"நான் எங்க ஓட்டுறேன்? ஓட்டுறது அவங்க. நான் பயப்படறதோட சரி."

காரணம் கேட்டால், கழற்றிக் கழுவுவது ஒத்துவராது என்றாள். மறுநாள், தும்மினால் விழுந்துவிடுமாம். அதற்கு மறுநாள், பேசினால் விசில் அடிக்குமாம். ஒரு காரணமும் வாயில் சரியாக உட்காரவில்லை. அது அவருக்குத் தெரியாதா? தன் கைமீது இவளுக்கு நம்பிக்கை இல்லை என்பதைத்தான் சுற்றி வளைத்துச் சொல்கிறாள் என்று முடிவு செய்தார். அன்று தோசைக்குச் சட்னி இருந்ததா என்பதுகூட அவருக்கு நினைவில்லை.

அவருடைய அம்மா மகன் கட்சி.

"ஊரே என் பையன் செஞ்ச பல்லுல மெல்லுது. கட்டினவளுக்கு மட்டும் கசக்குதாக்கும்?" என்று மருமகளைப் பார்த்துச் சிரித்தபடியே ஒரு குத்து விட்டாள்.

"அப்படியெல்லாம் இல்ல அத்தை" என்றவள், மாமியார் முகத்தை ஒரு விநாடி உற்றுப் பார்த்தாள். பொத்திய கையை எடுக்காமலே சமையலறைக்குள் ஓடினாள். கதவிடுக்கில் அவள் தோள் குலுங்குவது தெரிந்தது. அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டார் பல்லுக்காரர்.

மறுநாள் லேபில் முதல் வேலையாக அவளுடைய அச்சை எடுத்து முன்னால் வைத்தார். டாக்டர் அனுப்பிப் பத்து நாளாகத் தூசி படிந்து கிடந்தது. மெழுகை இளக்கி மூன்று பல்லையும் ஒவ்வொன்றாக உட்கார வைத்தார். போட்டோ எதையும் அவர் பார்ப்பதில்லை. எந்தப் பல் எவ்வளவு சாய வேண்டும் என்பது கைக்கே தெரியும். முடித்தபோது அச்சு தன்னைப் பார்த்துச் சிரிப்பதுபோல் இருந்தது. பஞ்சில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஸ்க்ரூதான் என்று அவள் முடிவாகச் சொல்லிவிட்டால் வெளியே எடுப்பதில்லை என்று தனக்குள் சத்தியமும் செய்துகொண்டார்.

மாலை கிளினிக்குக்கு மூவரும் போனார்கள். துணைக்கு என்று தானாகவே செருப்பை மாட்டிக்கொண்டு வந்த அம்மா, வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"எலும்பு நல்லா இருக்கு அண்ணி" என்றார் டாக்டர். "செட்டும் போடலாம், ஸ்க்ரூவும் போடலாம். உங்க இஷ்டம்."

"ஸ்க்ரூ" என்றாள் அவள், கைக்குப் பின்னாலிருந்து. "அந்தப் பல்லு கம்பெனியிலிருந்துதானே வரும்? டப்பாவோட?"

டாக்டர் பல்லுக்காரரைத் திரும்பிப் பார்த்தார். "வீட்ல சொல்லவே இல்லையா அண்ணே? ஸ்க்ரூதான் அண்ணி டப்பாவுல வரும். மேல மாட்டுற பல்லு அண்ணன் செய்யறது. நடுவுல நாலு மாசம் போட்டுக்க ஒரு செட்டு வேணும், அதுவும் அவர்தான். இந்த ஏரியாவுல எந்த டாக்டர்கிட்ட போனாலும் பல்லு அண்ணன் பல்லுதான்."

சாப்பாட்டு மேஜையில் பல் பேச்சு கூடாது என்பது அவளே போட்ட சட்டம். இருபத்தாறு வருடம் அதை மீறாத கணவரை அவள் பரிதாபமாகப் பார்த்தாள்.

இனி மறைக்க என்ன இருக்கிறது என்று அவர் பஞ்சுப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். டாக்டர் மெழுகுச் செட்டை அவள் வாயில் பொருத்திக் கைக்கண்ணாடியைக் கொடுத்தார்.

அவள் பார்த்தாள். உதட்டை மூடினாள். மறுபடி மெல்லத் திறந்து பார்த்தாள்.

முதலில் விக்கல் போல ஒரு சத்தம் வந்தது. பிறகு நாற்காலியே ஆடியது. இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து, மூன்றாவது வீட்டுக்குக் கேட்கிற அதே சிரிப்பு. செட்டு நழுவி மடியில் விழுந்தது. அவள் வாயைப் பொத்தவில்லை. மூன்று பல் ஓட்டையும் தெரியச் சிரித்தாள். எதற்கென்றே தெரியாமல் பல்லுக்காரரும் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"என்னடா இங்க கும்மாளம்?" என்று கதவைத் திறந்து எட்டிப் பார்த்த அம்மாவையும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. டாக்டர் அம்மாவைப் பார்த்தார். மடியில் கிடந்த செட்டைப் பார்த்தார். சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என்னன்னு சொல்லிட்டாவது சிரியேன்!" என்றார் பல்லுக்காரர்.

"சொல்லிடறேங்க. அத்தை, நீங்க கோவிச்சுக்கக் கூடாது." மூச்சு வாங்கிக்கொண்டாள். "இவர் யாருக்குப் பல்லு செஞ்சாலும் அது உங்க சிரிப்பாத்தான் வருது அத்தை! பேக்கரிக்காரர் சிரிச்சா நீங்க. போஸ்ட்மேன் சிரிச்சா நீங்க. எங்க ஸ்கூல் ஓனர் என்னைத் திட்டும்போதுகூட நீங்க திட்டுற மாதிரியே இருக்கு. இனி கண்ணாடியிலயும் நீங்களே வந்து நின்னா, நான் எங்க போவேன் சொல்லுங்க!"